செம்புத் தகட்டில் வைத்த கை

கணினித் திரையில் அந்தச் செல் காலை நீட்டியது. கால் என்று சொல்லக் கூடாது, எங்கள் பேராசிரியை கேட்டால் திட்டுவார். ஆனால் பார்க்க அப்படித்தான் இருந்தது. பெருங்குடல் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்து ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்கிற செல் அது. பத்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று முந்தின நாள் நுண்ணோக்கியில் எடுத்ததையெல்லாம் கோத்து வேகமாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லிய ஓரம் ஒன்று வெளியே வந்தது. தட்டின் தரையைத் தொட்டது. பின்வாங்கியது. கொஞ்சம் தள்ளி மறுபடியும் தொட்டது. அதன் இன்னொரு பக்கமோ பக்கத்துச் செல்லை இன்னும் விடவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

படத்தை நிறுத்தினேன். பின்னால் ஓட்டினேன். மறுபடி பார்த்தேன்.

"அடேங்கப்பா, தொட்டுப் பாத்துட்டுத்தான் கிளம்புது!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

பக்கத்து மேசைத் தோழி திரும்பினாள். "யாருடி?"

"எங்க அத்தை," என்றேன். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. மூன்று வருடமாக ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அந்தக் கேள்வியை இந்தத் தட்டிடம் கேட்கலாம் என்று அந்த நிமிடம்தான் தோன்றியது.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எங்கள் தெருவில் அடுத்த வீடு. அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், அத்தை வீட்டில் மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். அம்மாவும் அத்தையும் ஒருவரையொருவர் மதினி என்று கூப்பிட்டுக்கொண்டதால் எனக்கு அவள் அத்தை ஆனாள். பட்டாசுக் கம்பெனியில் திரி செருகும் வேலை. மருந்து நிரப்பிய சின்ன வெடியின் வாயில் திரியை வைத்து அழுத்த வேண்டும். வெடிக்குள் அடைக்கிற தூளை எங்கள் பக்கம் மருந்து என்றுதான் சொல்வோம்.

கம்பெனியில் ஒரு அறைக்கு நாலு பேர்தான் உட்காரலாம். ஒவ்வொரு அறைக்கு வெளியிலும் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். அதிலிருந்து கம்பி மண்ணுக்குள் போகும். உடம்பில், துணியில் ஏறியிருக்கிற மின்சாரம் மருந்துப் பக்கம் போய்ப் பொறி தட்டிவிடக் கூடாது என்பதற்காக, தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எல்லாரும் தொடுவார்கள். பலர் போகிற போக்கில் விரல் நுனியால் ஒரு தட்டு. அத்தை அப்படி இல்லை. நின்று, உள்ளங்கையை முழுசாக வைத்து, மூன்று எண்ணுகிற நேரம் அப்படியே இருப்பாள். பிறகுதான் காலை எடுத்து வைப்பாள்.

அது கம்பெனியோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அத்தை எங்கே போனாலும் தொட்டாள். வேன் கதவைத் தொட்டாள். ரேஷன் கடைக் கம்பியைத் தொட்டாள். என் தம்பிக்குத் திருமுழுக்கு நடந்த அன்று கோயில் வாசல் மரக்கதவில் கையை வைத்து அவள் நின்ற நிலையைப் பார்த்து, பங்குச்சாமியார் பக்தியென்று நினைத்துத் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தால் கூப்பிடவே மாட்டாள். இரும்புக் கேட்டில் கை வைத்து நிற்பாள். சத்தமே வராது. ஆனாலும் அடுப்படியிலிருந்து அம்மா, "உள்ள வாங்க மதினி," என்று குரல் கொடுப்பாள். எப்படித்தான் தெரியுமோ.

"கேட்டுக்கு ஷாக் அடிச்சிரப் போகுது அத்தை," என்று நான் சீண்டுவேன்.

"அடிச்சா ஒங்கம்மா மருந்து போட்டு விடுவா. நீ போய்ப் படி."

ஒரே ஒரு தடவைதான் ஏன் இப்படி என்று கேட்டேன். பெரிய கதை ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். "சேலையில, முடியில என்னமோ ஒட்டிக்கிட்டு வருதாம். நமக்குத் தெரியாது. மருந்துக்குத் தெரியும்," என்றாள். அம்புட்டுத்தான்.

கல்லூரி இரண்டாம் வருட விடுமுறையில் நானும் அதே கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போனேன். பழைய மைக்ரோஸ்கோப் ஒன்று விலைக்கு வந்தது, அதை வாங்கியே தீர வேண்டும் என்று எனக்கு வெறி. அந்த மாதத்தில் ஒரு நாள் அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். கம்பெனி ஃபோர்மேன் முன்னால் ஓடிவந்து, "சார் வந்திருக்காக, வழிய விடுங்க," என்றார். அத்தை அறை வாசலில் எழுந்து நின்றாள். நகரவில்லை.

"வரட்டும்யா, யாரு வேண்டாம்னா? தொட்டுட்டு வரட்டும்."

"ஏக்கா, அவரு அதிகாரிக்கா. அவருக்கே சட்டம் சொல்லுதீகளா?"

"நான் ஏன் சொல்லுதேன்? அவுக தொடாட்டி நாங்க நாலு பேரும் வெளிய வாரோம். அவுக மட்டும் உள்ள போயி எம்புட்டு நேரம் வேணும்னாலும் பாத்துக்கிடட்டும்."

அதிகாரி சிரித்துவிட்டு ஒரு விரலால் தகட்டைத் தொட்டார்.

"ஒரு வெரலு காணாதுங்கய்யா. கைய முழுசா வைங்க."

அவர் வைத்தார். ஃபோர்மேனும் வைத்தார். பேக்கிங் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்த நாங்கள் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டோம். சாயங்காலம் வேனில் திரும்பும்போது எல்லாரும் அத்தையைக் கலாய்த்தார்கள். வேன் ஓட்டுகிற பையன், "யக்கா, நாளைக்கு முதலமைச்சர் வந்தாலும் கைய வைக்கச் சொல்லுவீகளா?" என்றான். "ஏலே, நீ மொதல்ல ரோட்டப் பாத்து ஓட்டுலே," என்றாள் அத்தை.

இப்போது நான் சொல்லப் போவது எனக்குப் பிடிக்காத இடம். ஆனால் இதைச் சொல்லாமல் அத்தையைச் சொல்ல முடியாது.

அதே விடுமுறை, வைகாசி மாதம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தோம். வெடியின் மேல் சுற்றியிருக்கிற சிவப்புத் தாள் வேர்வையில் சாயம் விடும். திரி செருகுகிறவர்களுக்கு விரலெல்லாம் சிவப்பு. எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் நிற்கும். அந்த விரலால்தான் சோறு பிசைந்து சாப்பிட வேண்டும். எச்சில் துப்பினாலும் சிவப்பு, சேலையில் துடைத்தாலும் சிவப்பு. அத்தை குரலைத் தாழ்த்தினாள்.

"ஏத்தா, நீ இதெல்லாம் படிக்கெல்ல? வெளிக்கிப் போனா செவப்பாப் போவுது. இந்தக் கலருதான, வயித்துக்குள்ள போயி வருது?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கேள்வி முடியும் முன்னால் பதில் வந்துவிட்டது. "ஆமாத்தை! பீட்ரூட் சாப்பிட்டா மறுநா செவப்பா வருதுல்ல, அதே கதைதான். சில சாயம் செரிக்காம அப்படியே வெளிய வந்திரும்." நிறமிகளைப் பற்றி விடுமுறைக்குச் சற்று முன்னால்தான் படித்திருந்தேன். சோறு ஆறுகிறவரை விளக்கினேன்.

அத்தையின் முகம் தெளிந்தது. மறுநாள் சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தாள். காரம் தூக்கலாக, நன்றாக இருந்தது. முழுசையும் நானே தின்றேன்.

புரட்டாசியில், தீபாவளி லோடு ஏறுகிற சமயத்தில், கேட்டில் கை வைத்து நின்ற அத்தையை அம்மா உற்றுப் பார்த்தாள். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. ரவிக்கையில் இரண்டு பக்கமும் ஊக்கு போட்டு இறுக்கியிருந்தாள். அம்மா அவள் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். உள்ளே வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது.

"மதினி, ரத்தம் எங்கன போகுது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மதினி. கலரு."

"என்ன கலரு?"

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டாள். "கம்பெனிக் கலரு," என்றாள். என் பெயரை அங்கே சொல்லவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர், "இத்தனை மாசம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டபோதும் சொல்லவில்லை. "சீசன் வேலைங்கய்யா," என்று முடித்துவிட்டாள்.

பெருங்குடலில் கட்டி. அறுவை செய்து எடுத்தார்கள். வயிற்றில் துளை போட்டு வெளியே ஒரு பை பொருத்தினார்கள். அத்தை இரண்டு நாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அம்மா பை மாற்றிக் கழுவச் சொல்லிக் கொடுத்தபோது, "கம்பெனியில எல்லாருக்கும் நாலு பேருக்கு ஒரு ரூம்பு. எனக்கு மட்டும் தனி ரூம்பு குடுத்துட்டாக பாரு," என்றாள். அம்மா முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள்.

வார்டுக்குள் நுழையும்போதெல்லாம் கதவில் கை வைத்தாள். சலைன் கம்பியைத் தள்ளிக்கொண்டு நடை பழகிய நாட்களில் ஒரு கை கம்பியில், ஒரு கை கதவில் என்று நிற்பாள். பின்னால் சக்கர நாற்காலிகள் காத்துக்கிடக்கும். வார்டு பாய் ஒருவர், "ஏம்மா, உள்ள போறதுக்கு நல்ல நேரம் பாக்கீகளா?" என்று கேட்டார். மறுவாரம் அவரே நின்று வழி விட்டார்.

ஸ்கேனில் கல்லீரலில் மூன்று புள்ளிகள் தெரிந்தன. குடலில் வந்தது கல்லீரலுக்கு எப்படிப் போனது என்று அத்தைக்குப் புரியவில்லை. ஸ்கேன் உறையின் பின்பக்கம் நான் படம் போட்டேன். குடலின் உள்சுவரில் செல்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். சில புரதங்கள் பிடித்த கை மாதிரி: பக்கத்துச் செல்லின் அதே புரதத்தைக் கோத்துக்கொண்டு, வரிசையைக் கலையவிடாது. சில காது மாதிரி: வெளியிலிருந்து 'பெருகு' என்று சேதி வந்தால் உள்ளே கடத்தும். இன்னும் சில உள்ளங்கை மாதிரி: நிற்கிற தரை எப்படிப்பட்டது என்று தொட்டுப் பார்த்துப் பற்றிக்கொள்ளும். கட்டியாக மாறுகிறபோது பல நேரம் காதுகள் எண்ணிக்கையில் கூடிவிடும், சும்மா இருக்கும்போதே சேதி வந்ததாகச் சொல்லும். பிடித்த கை நழுவும். உள்ளங்கை புது இடத்தையும் பற்றப் பழகிக்கொள்ளும். அப்படிப் பிரிந்த செல் ரத்தக் குழாயில் ஏறினால், குடலிலிருந்து போகிற ரத்தம் நேரே கல்லீரலுக்குத்தான் போகும்.

அத்தை படத்தில் உள்ளங்கை இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"அப்ப அதுவும் தொட்டுப் பாத்துட்டுத்தான் உள்ள போவுதா?"

"ஆமாத்தை."

"கெட்ட பயலுக்கு நல்ல பழக்கம்," என்றாள். வயிற்றுப் பையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு சிரித்தாள். தையல் வலித்தது போல. சிரிப்பை நிறுத்தவும் முடியவில்லை.

அந்தக் காதுகளை அடைத்துவிடுகிற மருந்து இருக்கிறது. ஊசி வழியாகப் போய் அந்தப் புரதத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். சேதி உள்ளே போகாது. நான் துள்ளிக் குதித்தேன். அத்தையின் கட்டித் துண்டை வெளியூருக்கு அனுப்பிச் சோதித்தார்கள். பலன் இருக்காது என்று முடிவு வந்தது. செல்லுக்குள்ளேயே ஒரு மரபணு மாறிப் போயிருந்தது. காதுக்குக் கீழே, சேதி கடத்துகிற இடத்தில். காதை அடைத்தாலும் உள்ளே 'பெருகு, பெருகு' என்று ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று நான் தவித்தேன். அவளே எளிதாக்கிவிட்டாள்.

"வாசல்ல காவலுக்கு ஆளப் போட்டு என்னத்துக்கு? கொளுத்துறவன் உள்ளல்ல ஒக்காந்திருக்கான்."

மற்ற மருந்துகள் ஏற்றினார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருந்தாள். கம்பெனி வேன் தெருவில் நிற்கும்போது வாசலுக்கு வந்து, "தொட்டுட்டுப் போங்கடி," என்று உள்ளே இருக்கிறவர்களை விரட்டுவாள். "சரி மேனேஜரம்மா," என்பார்கள் அவர்கள்.

ஒரு மத்தியானம் அத்தை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் சாதாரண நிறத்துக்கு வந்திருந்தன. நகக்கண்ணில்கூடச் சிவப்பு இல்லை. அதைப் பார்த்ததும் கேட்டுவிட்டேன்.

"அத்தை, அன்னைக்குக் குழாயடியில நான் பீட்ரூட்டுன்னு சொன்னேன்ல..."

"ஆமா, சொன்ன."

"நான் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா நீங்க அப்பவே..."

அத்தை பூண்டை முறத்தில் போட்டாள். "ஏட்டி, ஒங்கம்மா நர்ஸு. பக்கத்து வீடு. அவகிட்டக் கேக்காம ஒங்கிட்ட ஏன் கேட்டேன்னு ஒரு நாளாவது யோசிச்சியா?"

நான் முறத்தில் கிடந்த பூண்டுத் தோலை ஊதித் தள்ளினேன்.

"ஒங்கம்மா கண்ண இழுத்துப் பாப்பா. வான்னு கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவா. நீ நல்ல பதிலாச் சொல்லுவ. எனக்கு அன்னைக்கு நல்ல பதில்தான் வேண்டியிருந்துச்சு. அதான் ஒங்கிட்ட வந்தேன்." இன்னும் நாலு பல் உரித்தாள். பிறகு, மழை வருமா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள். "இதச் சொல்லு. அது கொடல்லருந்து எப்பக் கிளம்புச்சு? நம்ம கலருன்னு பேசுனோமே, அப்பவே கிளம்பியிருச்சா, இல்ல அதுக்குப் பெறகா?"

வாய் வரை பல பதில்கள் வந்தன. சில கட்டிகளில் மிக முன்னாலேயே, ஒருவருக்கும் தெரியும் முன்பே செல்கள் கிளம்பிவிடும். சிலவற்றில் பிந்தி. இன்னாருடையது இன்ன நாளில் கிளம்பியது என்று எந்த ஸ்கேனும் சொல்லாது. 'முன்னாடியே போயிருக்கும் அத்தை' என்று சொல்லியிருந்தால் இரண்டு பேருக்குமே ஆறுதலாக இருந்திருக்கும்.

"தெரியலத்தை," என்றேன்.

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். "பரவால்லையே! தெரியலன்னு சொல்லப் படிச்சிட்டியே," என்றாள். உரித்த பூண்டை என் கையில் அள்ளிக் கொடுத்தாள். "கண்டுபிடிச்சா வந்து சொல்லு. இத ஒங்கம்மாகிட்டக் குடு."

அடுத்த சீசன் தொடங்குவதற்குள் அத்தை போய்விட்டாள். வேன் பெண்கள் வந்தார்கள். வீட்டுக்குள் நுழையும்போது ஒவ்வொருத்தியும் நிலைக்கதவில் கை வைத்துவிட்டு உள்ளே போனாள். முழுக் கையையும். யாரும் சொல்லி வைத்துச் செய்ததில்லை.

அந்தக் கேள்வி மட்டும் என்னோடு ஆய்வுக்கூடம் வரை வந்தது. அத்தையின் கட்டி எந்த நாளில் கிளம்பியது என்று என்னால் இனி கண்டுபிடிக்கவே முடியாது. அது தெரியும். ஆனால் ஒரு செல் கிளம்புகிறபோது எது முதலில் நடக்கிறது? கை நழுவுகிறதா, தரையைத் தொடுகிறதா? அன்று திரையில் பார்த்த செல், பக்கத்துச் செல்லை விடும் முன்னாலேயே தரையைத் தொட்டுப் பார்த்தது. ஒரு செல்லை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தற்செயலாக இருக்கலாம், என் கண்ணின் ஆசையாகவும் இருக்கலாம். திங்கட்கிழமை சரியாகச் செய்யப் போகிறேன். பிடித்துக்கொள்கிற புரதம் பச்சையாக ஒளிரும்படியும், தரையைப் பற்றுகிற புரதம் சிவப்பாக ஒளிரும்படியும் செல்களைத் தயார் செய்தாயிற்று. ஒரு தட்டில் அப்படியே விடுவேன். இன்னொன்றில், பற்றுகிற புரதத்தின் மேல் போய் உட்கார்ந்து அதை அடைக்கிற எதிர்ப்பொருளைச் சேர்ப்பேன். பச்சை முதலில் மங்குகிறதா, சிவப்பு முதலில் முளைக்கிறதா, தொட்டுப் பார்க்க முடியாவிட்டால் கிளம்புவதையே விட்டுவிடுமா என்று பார்க்க வேண்டும். பேராசிரியை, "நூறு செல்லாவது பார்க்காமல் என்னிடம் வந்து குதிக்காதே," என்று சொல்லியிருக்கிறார். சரி, குதிக்க மாட்டேன்.

அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறேன். மலத்தில் ரத்தம் கலந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கிற சோதனை அட்டைகள் ஒரு பெட்டி வாங்கியிருக்கிறேன். மனித ரத்தத்தில் இருக்கிற புரதத்தை மட்டும் அது அடையாளம் காண வேண்டும். முதலில் கம்பெனிச் சிவப்புத் தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தச் சாயத் தண்ணீரை ஒரு அட்டையில் சொட்டிப் பார்ப்பேன். சாயத்துக்கு ஒரு கோடுதான் வர வேண்டும், ரத்தத்துக்கு இரண்டு. சாயத்துக்கும் இரண்டு வந்தால் பெட்டியோடு திரும்ப வேண்டியதுதான். ஒரு கோடுதான் என்றால், சனிக்கிழமை காலையில் வேன் நிற்கிற இடத்துக்கு அம்மாவும் நானும் போவோம். இரண்டு கோடு விழுந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, மூலமாகவும் இருக்கலாம். ஆனால் குழாய் விட்டுப் பார்க்கிற டாக்டரிடம் போயே ஆக வேண்டும் என்பதை அம்மா சொல்வாள். அவளிடம் தப்பிக்க முடியாது, இமையை இழுத்துப் பார்த்துவிடுவாள்.

வேனில் யாராவது ஒருத்தி கட்டாயம் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் வருவாள். அம்மாவிடம் போக மாட்டாள், என்னிடம்தான் வருவாள். "ஏத்தா, நீ படிச்ச பிள்ளைல்ல? அது இந்தக் கலராத்தான இருக்கும்?" என்று கேட்பாள். அவள் விரல்கள் சிவப்பாக இருக்கும்.

அட்டையை அவள் கையில் கொடுப்பேன். கோடு விழுகிறவரை நான் வாயைத் திறக்கப் போவதில்லை.